வாசலில் தேங்கும் மழைத் தண்ணீர்: உறைக்கிணறா, வாட்டமா, மோட்டாரா?

திருவான்மியூரில் அக்கா வீட்டிலும் மடிப்பாக்கத்தில் என் வீட்டிலும் வாசல் மழைத் தண்ணீரை மண்ணுக்குள் விட உறைக்கிணறு இறக்கியவர் ஒரே ஆள். அளவும் ஒன்றுதான்: மூன்றடி விட்டம், பன்னிரண்டடி ஆழம், உள்ளே ஜல்லி எதுவும் நிரப்பாத வெறுங்கிணறு, மேலே கான்கிரீட் மூடி. அந்த வருடம் ஐப்பசியில் முதல் பெருமழை ஓய்ந்ததும் அக்கா போன் செய்தாள். "காபி போட்டு எடுத்துட்டு வந்து பாக்குறேன், வாசல்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்றாள். என் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நாலு நாள் நின்றது. கிணற்று மூடியைத் தூக்கிப் பார்த்தால் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் குடிக்க வேண்டிய கிணறு தானும் சேர்ந்து மூழ்கிக் கிடந்தது.

கிணறு இறக்கியவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன வேலையைச் சரியாகவே செய்தார். அக்கா வீட்டில் நன்றாக வேலை செய்கிறது என்பதை மட்டும் வைத்து "அதே மாதிரி போட்டுடுங்க" என்றது நான்தான். அவள் வீடு கடற்கரை மணல் மேல் நிற்கிறது. என் வீடு ஏரிக்கரையை ஒட்டிய களிமண் மேல். சென்னைக்குள்ளேயே பெசன்ட் நகர், திருவான்மியூர், மயிலாப்பூர் பக்கம் மணல். விருகம்பாக்கம், அண்ணா நகர் பக்கம் களி. கிண்டியை நெருங்கினால் சில அடிகளிலேயே பாறை. ஒரே மழை, ஒரே கிணறு என்றாலும் கீழே இருக்கும் மண் ஒன்றல்ல.

இந்தக் கிணற்றுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். உறிஞ்சு கிணறு, கசிவுநீர்க் கிணறு, ரீசார்ஜ் கிணறு, ரிங் கிணறு. எல்லாவற்றின் வேலையும் ஒன்றுதான். தேங்கும் மழைநீரை ஒரு குழியில் இறக்கி, அங்கிருந்து மெல்ல மெல்ல மண்ணுக்குள் போக விடுவது. குடிநீர்க் கிணறு தண்ணீர் இருக்கும் ஆழத்துக்குப் போகும். இது தண்ணீர் இல்லாத ஆழத்தில் நின்றால்தான் வேலை செய்யும். என் வீட்டில் பிசகியது அந்த இடத்தில்தான்.

எந்தத் தண்ணீர் என்று பாருங்கள்

வாசலில் நிற்கும் தண்ணீர் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நாலு வழியில் வந்திருக்கலாம். மாடியிலிருந்து குழாய் வழியே கொட்டுவது ஒன்று. வாசல் தரையில் நேராக விழுவது இன்னொன்று. தெருவிலிருந்தோ பக்கத்து மனையிலிருந்தோ உள்ளே புகுவது மூன்றாவது. நாலாவது, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி, தரையே ஊறி நிற்பது. உறைக்கிணறு முதல் இரண்டுக்கு மருந்து. மூன்றாவதற்கு முன்னால் அது ஒரு சொம்பு. நாலாவதற்குப் பயனே இல்லை, ஏனென்றால் கிணறும் அதே ஊற்றில் ஊறி நிற்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது விளங்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். என் மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. அதில் பாதி மொட்டை மாடி. அந்த 1,200 சதுர அடி கிட்டத்தட்ட 111 சதுர மீட்டர். 5 செ.மீ. மழை பெய்தால் மாடியிலிருந்து மட்டும் ஏறக்குறைய 5,500 லிட்டர் இறங்கும். மீதிப் பாதியில் விழுவதையும் சேர்த்தால் 11,000 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி அளவு. வடகிழக்குப் பருவமழையில் 5 செ.மீ. பெரிய மழையே இல்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ.

இப்போது கிணற்றைப் பாருங்கள். மூன்றடி விட்டமுள்ள உறை ஒன்று, ஓரடி உயரத்துக்கு, சுமார் 200 லிட்டர் பிடிக்கும். பன்னிரண்டு உறைக்கு 2,400 லிட்டர். என் மாடித் தண்ணீரை மட்டும் விட்டால்கூட 22 மி.மீ. மழையில் கிணறு நிரம்பிவிடும். நாலடி விட்டம் எடுத்தால் ஓர் உறைக்கு 355 லிட்டர், ஐந்தடி என்றால் 555. விட்டத்தை ஓரடி கூட்டுவது ஆழத்தைப் பல அடி கூட்டுவதற்குச் சமம். களிமண்ணோ உயர்ந்த நீர்மட்டமோ உள்ள இடத்தில் ஆழமாகப் போவதைவிட அகலமாகப் போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் பெருமழையில் முழுத் தண்ணீரையும் பிடித்து வைக்க எந்த வீட்டுக் கிணறாலும் முடியாது. உள்ளே வரும் வேகத்துக்கு ஈடுகொடுத்து மண் எவ்வளவு குடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மணல் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் உறிஞ்சும். கடற்கரை மணல் அதைவிடப் பல மடங்கு. களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. இந்த எண்ணை என் கிணற்றில் வைத்துப் பார்த்தேன். அடிப்பரப்பு முக்கால் சதுர மீட்டர்கூட இல்லை. பக்கச் சுவர் முழுதும் சேர்ந்தால் பத்தரைச் சதுர மீட்டர். மணிக்கு 3 மி.மீ. குடிக்கும் களியில், நிரம்பிய கிணறு மணிக்கு 30 லிட்டரைத்தான் வெளியே விடும். காலியாக மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதுவும் உறையில் துளை இருந்தால். துளையில்லாத உறையை இறக்கி இணைப்பையும் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டால் அடிப்பக்கம் மட்டுமே மிச்சம். அப்போது மணிக்கு 2 லிட்டர். அதற்குப் பெயர் தொட்டி.

ஓரடிக் குழியில் ஒரு சோதனை

இதைத் தெரிந்துகொள்ள எந்த நிபுணரும் வேண்டாம். கிணறு வரப்போகும் இடத்தில் ஓரடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். முதல் முறை நிரப்பிய தண்ணீரைக் கணக்கில் எடுக்காதீர்கள், காய்ந்த மண் ஆசையாகக் குடித்துவிடும். மண் நன்றாக ஊறிய பிறகு மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அளவு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு அங்குலம், அதற்கு மேல் இறங்கினால் உறைக்கிணறு தாராளமாகப் போடலாம். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த ஆழத்து மண் உங்களுக்கு உதவாது. கீழே வேறு மண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கை ஆகரை (கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவி) வைத்து எட்டு, பத்தடி வரை துளைத்து மண்ணை வெளியே எடுத்துப் பார்க்கலாம். ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டினால் கயிறு போலத் திரிந்து வருவது களி, உதிர்வது மணல்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குத் தெரியாமல் போனது. நாம் எல்லோரும் கிணறு தோண்டுவது சித்திரை, வைகாசியில். அப்போது இருபதடிக்குக் கீழேதான் தண்ணீர் இருக்கும், தோண்ட வசதி, மண்ணும் காய்ந்திருக்கும். கிணறு வேலை செய்ய வேண்டியதோ ஐப்பசி, கார்த்திகையில். எங்கள் பகுதியில் அப்போது நாலைந்தடியிலேயே தண்ணீர் ஊறும். பன்னிரண்டடிக் கிணற்றில் எட்டடி ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கும். வேலைக்கு மிஞ்சுவது நாலடி, 800 லிட்டர். கிணற்றை இன்னும் ஆழப்படுத்தியிருந்தாலும் ஒரு லிட்டர்கூடக் கூடியிருக்காது. அதனால் போன கார்த்திகையில் உங்கள் தெருவில் திறந்த கிணறு எதிலாவது தண்ணீர் எவ்வளவு கீழே நின்றது என்று விசாரியுங்கள். கிணறே இல்லையென்றால், புதிதாக வீடு கட்டியவர்கள் கடைக்கால் தோண்டும்போது தண்ணீர் இறைத்தார்களா என்று கேளுங்கள். கொத்தனார்களுக்கு இதெல்லாம் மறக்காது.

கிணறுதான் என்று முடிவானால்

மண்ணும் நீர்மட்டமும் ஒத்துவந்தால் உறைக்கிணற்றைப் போல நல்ல தீர்வு வேறில்லை. கரண்ட் வேண்டாம், இடம் அடைக்காது, கோடையில் அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கும் கொஞ்சம் புண்ணியம். அதிலும் இரண்டு வகை. வெறுங்கிணறு, ஜல்லி நிரப்பிய குழி. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது அவசர அவசரமாகப் போடப்பட்டவை பெரும்பாலும் இரண்டாவது வகை: நாலைந்தடிக் குழி, கீழே உடைகல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல். செலவு குறைவு, குழந்தைகள் விழ வாய்ப்பில்லை, சுவர் சரியாது. ஆனால் ஜல்லி போட்ட குழியில் தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் சுமார் 40 சதவீதம்தான். என் கிணற்றை ஜல்லியால் நிரப்பியிருந்தால் 2,400 லிட்டர் 960 ஆகியிருக்கும். அதைவிடப் பெரிய குறை, வண்டல் ஏறிவிட்டால் சுத்தம் செய்ய வழியில்லை. மொத்த ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். யாரும் செய்வதில்லை. அன்று போட்ட குழிகளில் பலவற்றின் மேல் இன்று டைல்ஸ் ஒட்டியிருக்கிறது, வண்டி நிற்கிறது. பெயருக்கு ஒரு குழாய் மட்டும் உள்ளே போகிறது.

அதனால் என் ஓட்டு வெறுங்கிணற்றுக்கு. துளை போட்ட உறை, உறைக்கு வெளியே சுற்றிலும் அரையடிக்கு ஜல்லி, அடியில் ஓரடி ஜல்லி, கார் ஏறினாலும் தாங்கும் மூடி, அதில் ஆள் இறங்க வழி. ஜல்லிக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கிப் புதைக்கும் முறையும் இப்போது இருக்கிறது. 95 சதவீதம் வரை வெற்றிடம் கிடைக்கும், ஆழம் குறைவாகப் போதும். விலைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

கிணற்றுக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டாயம் வேண்டும். இரண்டடிச் சதுரத்தில் ஒரு சேம்பர் போதும். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, மண்ணும் இலையும் அடியில் தங்கி, மேல் தண்ணீர் மட்டும் கிணற்றுக்குப் போக வேண்டும். உறிஞ்சு கிணறுகள் பெரும்பாலும் மெல்லிய சேறு படிந்துதான் சாகின்றன, இடிந்து அல்ல. முருங்கை மரம் பக்கத்தில் இருந்தால் இரட்டை வேலை, அந்தப் பொடி இலை எந்த வலையிலும் நுழையும். புரட்டாசியில் ஒரு முறை சேம்பரை அள்ளினால் போதும், ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை கிணற்றையும்.

எங்கே போடுவது என்பது இன்னொரு தலைவலி. கடைக்காலிலிருந்து பத்தடி தள்ளிப் போடுங்கள் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். அரை கிரவுண்டு மனையில் பத்தடி எங்கே இருக்கிறது? பக்கவாட்டில் மூன்றடி, நாலடி விட்டிருந்தாலே பெரிது. மணல் பூமியில் ஐந்தாறடி தள்ளிப் போட்ட கிணறுகள் பல வருடமாகப் பிரச்சினையில்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் நேராகக் கீழே போய்விடுகிறது. களியில் அந்தத் தைரியம் வேண்டாம். களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கடைக்காலுக்கு அடியில் அது நடந்தால் சுவர் விரியும். குறைந்தபட்சம் சுவரில் ஓதம் ஏறும். பெரும்பாலான மனைகளில் சரியான இடம் தெருப்பக்க மூலைதான். செப்டிக் டேங்க் இருக்கும் பக்கம் போகவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அவர் சம்ப்பில் விரிசல் இருந்தால் உங்கள் வாசல் தண்ணீர் அவர் வீட்டுக் குழாயில் வரும், அப்புறம் பேச்சுவார்த்தையே வேறு மாதிரி போகும்.

உறை இறக்கும் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முதல் உறையைத் தரையில் வைத்து, ஆள் அதற்குள் உட்கார்ந்து மண்ணைத் தோண்டத் தோண்ட, உறை தன் எடையிலேயே கீழே இறங்கும். அதன் மேல் அடுத்த உறை. மணலில் பக்கச் சரிவைத் தடுக்கும் அருமையான முறை. கூலியை உறைக் கணக்கில்தான் பேசுவார்கள், ஆழம் போகப் போக ஏற்றுவார்கள். பத்து உறைக்கு மேல் என்ன விலை, பாறை வந்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: வருடக்கணக்கில் மூடிக் கிடந்த கிணற்றில் யாரையும் உடனே இறங்கவிடாதீர்கள். மூடியை எடுத்து நன்றாகக் காற்று போக விட்டு, இடுப்பில் கயிறும் மேலே ஆட்களும் இருந்தால்தான் இறங்க வேண்டும். விளக்கு இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம், பிராணவாயு இல்லையென்றால் அது அணையும். ஆனால் எல்லா விஷவாயுவையும் விளக்கு காட்டிக் கொடுக்காது.

மேலே களி, கீழே மணல் என்று அமைந்த இடங்களில் கிணற்றின் அடியிலிருந்து ஒரு துளைக்குழாயை மணல் அடுக்கு வரை இறக்குவதுண்டு. களியைத் தாண்டிப் போக அது நல்ல உத்தி. வீட்டில் வற்றிப்போன போர்வெல் இருக்கிறதே, வாசல் தண்ணீரை நேராக அதில் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். வண்டி எண்ணெயும் நாய்க் கழிவும் கலந்த தண்ணீரை எந்த வடிகட்டலும் இல்லாமல் ஆழத்து ஊற்றில் விடுவது தெருவுக்கே கெடுதல். மாடித் தண்ணீர், அதுவும் வடிகட்டிய பிறகு என்றால் சரி. பழைய திறந்த கிணறு இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை ஏதுமில்லை. அதை மூடாமல் வைத்திருந்தால் மாடித் தண்ணீருக்கு அதைவிடப் பெரிய, ஏற்கெனவே கூலி கொடுத்து முடித்த இடம் கிடையாது. மழைநீர் சேகரிப்பைச் சொல்லித்தரும் ரெயின் சென்டர் என்ற மையத்தை நடத்திவரும் சேகர் ராகவன் போன்றவர்கள் சென்னையில் பல வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறார்கள்: மேல்மட்டத்துக் கிணறுகளுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று.

கிணறு இல்லாத வழிகள்

இவற்றில் முதலாவது மிக மலிவு, அதனாலேயே யாருக்கும் கண்ணில் படுவதில்லை. வாட்டம். தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. ஒரு டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். என் வீட்டில் அப்படிப் பார்த்தபோதுதான், பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தை உயர்த்திப் பூசியதில் மொத்த வாட்டமும் வீட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது தெரிந்தது. பத்தடிக்கு இரண்டு அங்குலம், சுவரிலிருந்து வெளிப்பக்கம் இறங்கினால் போதும். மேஸ்திரிக்கு இரண்டு நாள் வேலை. கிணறு போடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலையை நான் பின்னால் செய்தேன்.

அடுத்தது தரையை மூடாமல் விடுவது. வாசல் முழுக்கச் சிமெண்டு போட்டுவிட்டு, தண்ணீர் நிற்கிறது என்று கிணறு தேடுவது நம் ஊர் வழக்கம். பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்பார்கள். இடைவெளியில் மணல் மட்டும் போட்டு, அடியிலும் ஜல்லியும் மணலுமாக இருந்தால் இறங்கும். புல் முளைக்கிறது என்று இடைவெளியைச் சிமெண்டால் அடைத்தால், அது விலை கூடிய சிமெண்டுத் தரை. களியில் பேவர் தனியாகப் பெரிதாக உதவாது, ஆனால் சேறு மிதிக்காமல் நடக்கலாம்.

நீளமான பள்ளம் வெட்டி, துளைக்குழாய் வைத்து, ஜல்லி நிரப்பி மூடும் முறைக்கு ஆங்கிலத்தில் பிரெஞ்சு என்று அடைமொழி உண்டு. பிரான்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பண்ணை வடிகால் பற்றி எழுதிய ஹென்றி பிரெஞ்ச் என்பவரின் பெயர் ஒட்டிக்கொண்டது. தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்த அது நல்லது. பக்கத்து மனையிலிருந்து ஊறி வரும் தண்ணீரைச் சுவருக்கு முன்னால் மறிக்கவும் உதவும். ஆனால் கடைசியில் அது எங்கே போய் விழும் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். தட்டையான மனையில் அந்தப் பதில் பெரும்பாலும் மறுபடி ஒரு கிணறுதான்.

தெரு மழைநீர் வடிகாலில் இணைப்பது பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. உங்கள் வாசலைவிட வடிகாலின் அடிமட்டம் தாழ்ந்திருந்தால் மட்டுமே இது சரிவரும். மாநகராட்சியில் கேட்டுச் செய்ய வேண்டும், நாமே உடைத்துக் குழாய் சொருகக் கூடாது. பெருமழையில் வடிகால் நிரம்பிவிட்டால் அங்கிருந்து தண்ணீர் உங்கள் வாசலுக்குத் திரும்பி வரும். ஒருவழி வால்வு இல்லாமல் இணைக்கவே கூடாது. கழிவுநீர் மேன்ஹோலைத் திறந்துவிடுவதைப் பற்றி எழுதவே தேவையில்லை, ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் தெருவுக்கு ஒருவராவது செய்கிறார். மழைநீர் தாங்கும் அளவு அந்தக் குழாய்க்கு இல்லை. நாலு வீடு தள்ளி, தாழ்ந்த வீட்டுக் கழிப்பறையில் அது எழும்பி வரும்.

தெருவே உயர்ந்துவிட்டால் என்ன செய்வது? சென்னையில் பாதிப் பேருடைய பிரச்சினை இதுதான். பழைய தார்ச் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட வேண்டியிருந்தது. என் வீட்டைக் கட்டும்போது வாசற்படி மூன்று. இப்போது தெரிவது ஒன்று. இந்த நிலையில் வாசலை மட்டும் மண்ணடித்து உயர்த்தினால் தண்ணீர் வீட்டுக்குள் போகும், காம்பவுண்டு உயர்ந்து வீடு தாழ்ந்துவிடும். கேட் அடியில் ஓரடி வரப்பு போலச் சிமெண்டு மேடு கட்டுவது தெருத் தண்ணீரை ஓரளவு தடுக்கும், உள்ளே விழும் மழையையும் சேர்த்து அடைத்து வைக்கும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் செலவுக்கு முன்னால் கிணறெல்லாம் சில்லறை.

இனி மோட்டார். பள்ளத்தில் இருக்கும் வீட்டில், தெருத் தண்ணீரை மேடு கட்டி மறித்துவிட்டு உள்ளே விழுவதை இறைத்து வெளியேற்றுவது தவிர வேறு வழியில்லை. அரை ஹெச்பி மோட்டார் மணிக்குப் பல ஆயிரம் லிட்டர் தள்ளும், உறைக்கிணறு களியில் மூன்று நாளில் செய்யும் வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கும். ஆனால் தெருவில் தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். மோட்டார் தேவைப்படும் அதே நேரத்தில் கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பெட்ரோலில் ஓடும் பம்பு. தெருவே நிரம்பி நிற்கும்போது எங்கே இறைப்பது என்பதற்கு மோட்டாரிடமும் பதில் இல்லை. அந்த அளவு மழைக்கு எதுவுமே பதில் இல்லை. சாமானை மாடிக்கு ஏற்றுவதுதான்.

நான் கடைசியாகக் கண்டுபிடித்தது, மாடித் தண்ணீரை வாசலுக்கே வர விடாமல் செய்வது. என் மனையில் விழும் மழையில் பாதி மாடியில்தான் விழுகிறது, அதுதான் சுத்தமானதும்கூட. முதல் பத்து நிமிடத் தண்ணீரை மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மணல் வடிகட்டி வழியாக 10,000 லிட்டர் சம்ப்புக்குத் திருப்பினேன். 5 செ.மீ. மழைக்கு வாசலில் நிற்க வேண்டிய 11,000 லிட்டர் பாதியானது. கூடவே, வெள்ள நேரத்தில் சம்ப் நிரம்பியிருப்பது நல்லது. காலியாக இருந்தால் நிலத்தடி நீர் அதைக் கீழிருந்து நெட்டித் தூக்கப் பார்க்கும், விரிசல் விடும்.

எந்த வீட்டுக்கு எது

மணல் பூமி, கார்த்திகையிலும் நீர்மட்டம் பத்தடிக்குக் கீழே, தெரு உங்களைவிடத் தாழ்வு: யோசிக்காமல் உறைக்கிணறு போடுங்கள், நாலடி விட்டத்தில். மனை பெரிதென்றால் ஒரே கிணற்றை ஆழமாக்காமல் மாடிக் குழாய் இறங்கும் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று. கலப்பு மண், சோதனைக் குழியில் மணிக்கு ஓர் அங்குலம் மாதிரி இறங்குகிறது என்றால் முதலில் வாட்டம், சம்ப். மிச்சத் தண்ணீருக்கு அகலமான, ஆழம் குறைந்த கிணறு. நிரம்பினால் வழிந்து தெருவுக்குப் போக ஒரு குழாயும் வையுங்கள். எந்தக் கிணறும் மூன்று நாளில் காலியாக வேண்டும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் எடுக்கும். அதற்கு மேல் நிற்கும் தண்ணீருக்கு மூடியும் வலையும் இல்லையென்றால் கிணறு கொசுப் பண்ணை.

களிமண், மேலே ஏறும் ஊற்று, உயர்ந்த தெரு, மூன்றும் சேர்ந்த என்னைப் போன்றவர்கள் கிணற்றுப் பணத்தை வாட்டத்திலும் சம்ப்புக் குழாயிலும் மோட்டாரிலும் போட்டிருக்க வேண்டும். பாறை நாலடியில் வந்துவிடும் கிண்டிப் பக்கத்துக்காரர்களுக்கும் இதேதான். நடுவில் எங்கோ இருப்பவர்கள், ஒரு மழைக்காலம் முழுக்கச் சோதனைக் குழியை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கோடையில் முடிவெடுக்கலாம். ஒரு வருடம் சேறு மிதிப்பது, தப்பான கிணற்றுக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைந்த செலவு.

என் கிணறு வீணாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாட்டத்தை அதன் பக்கம் திருப்பி, உள்ளே ஒரு சின்ன மோட்டாரை மிதவை சுவிட்சோடு தொங்கவிட்டிருக்கிறேன். வாசல் தண்ணீர் தானாக அதில் வந்து சேர்கிறது, மூன்றடி ஏறியதும் மோட்டார் ஓடித் தெருவுக்குத் தள்ளுகிறது. கோடை மழை பெய்தால் மோட்டாரை அணைத்துவிடுவேன், அப்போது காய்ந்த மண் நாலைந்து நாளில் எப்படியும் குடித்துவிடும். உள்சுவரில் அடிக்கு ஒரு கோடாகப் பெயிண்டு அடித்து, வாரம் ஒரு முறை மட்டம் பார்த்து காலண்டரில் குறிக்கிறேன். அக்கா இதைப் பார்த்துவிட்டு, "ஏரிக்கு மதகு வெச்ச மாதிரி வெச்சிருக்க" என்று சிரித்தாள். அவள் கிணற்றில் குறிக்க ஒன்றுமில்லை, எப்போது திறந்தாலும் அடியில் ஈர மணல்தான் தெரியும். இந்தப் புரட்டாசியில் என் வண்டல் தொட்டியை அள்ளியபோது மூன்று சட்டி சேறும், போன வருடம் மாடியில் காணாமல் போன ஒரு ஷட்டில்காக்கும் வந்தன.